மூன்றாவது வளைவில் ஒரு பறவை

மார்ச் 2

அன்பும் அறிவும் நிறைந்த, மாமன் பேச்சை மட்டும் நம்பாத மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் என் வண்டியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வலது காலும் சௌக்கியமா என்று தனித்தனியாக எழுதவும்.

முதலில் ஒரு சத்தியம். எதிரில் நிற்கும் மலை சாட்சியாக, என் வண்டியின் இரண்டு சக்கரங்கள் சாட்சியாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன் அம்மாவோ, நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பாள். ஆகவே நம்ப முயன்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. படித்தால் போதும்.

ஒன்பது வண்டிகள். ஏழு கணவாய்கள். மூன்று மாதம். எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் கிளம்பி வந்துவிட்டதால் அவர் ஊரில் மூன்று மாதத்துக்கு எல்லாரும் மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று உத்தரவாம். எனக்கு முன்னால் போவது ஒரு பேக்கரிக்காரரின் மனைவி; அந்த அம்மாளுக்கு முன்னால் பேக்கரிக்காரர். ஆளுக்கொரு வண்டி. வீட்டுச் சண்டையை ஹாரனிலேயே போட்டுக்கொள்வார்கள். அவர் ஒரு தடவை அடித்தால் அந்த அம்மாள் மூன்று தடவை. கடைசி வண்டி நான். இருபத்தாறு வருஷமாக வண்டிப் பள்ளி நடத்துகிறவன்; நம் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள், மீதிப் பாதி அவர்களைக் கண்டு ஓரமாக ஒதுங்கக் கற்றவர்கள். அப்படிப்பட்டவனைக் கடைசியில் போட்டார்களே என்று பதறாதே. கடைசி ஆள்தான் கூட்டத்துக்கே காவல்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வளைவு தாண்டியும், பின்னால் வருகிறவரின் ஹெட்லைட் தன் கண்ணாடியில் தெரிகிறவரை நிற்க வேண்டும். தெரிந்த பிறகுதான் நகரலாம். அதற்காகப் பகலிலும் விளக்கை எரியவிட வேண்டும். கடைசி வண்டி நின்றுபோனால் அதற்கு முந்தியது நிற்கும், அது நின்றால் அதற்கும் முந்தியது. இப்படியே மலை உச்சியில் இருக்கும் பல் டாக்டர் வரைக்கும் அந்த நிற்றல் ஏறிப் போய்விடும். யாரும் கத்த வேண்டாம், யாரையும் தேட வேண்டாம். அழகான சட்டம், இல்லையா?

நேற்று முதல் கணவாய். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், ரோட்டின் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு பறவை. என் கைப்பிடி அளவுதான் இருக்கும். பறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. நடுங்கிக்கொண்டு நின்றது. ஒன்பது வண்டியும் நின்றன. பேக்கரிக்காரர் பிஸ்கட் டின்னைத் திறந்து தூள் போட்டார். பல் டாக்டர் குனிந்து அதன் மூக்கைப் பார்த்து, "எங்க, திற" என்றார். மூன்று மணி நேரம். எல்லாரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். கடைசியில் பறவை அசையவே இல்லை. நாங்கள்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று உன் டாக்டர் சொல்லிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி மே பதினைந்து வரைக்கும் உன் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஒப்பந்தம். நான் ஒரு கணவாய் தாண்டினால் நீ ஓர் எல்லை தாண்ட வேண்டும். முதல் கணவாய்க்கு, கட்டிலிலிருந்து ஜன்னல். இரண்டுக்கு, வாசற்கதவு. மூன்றுக்கு, கேட். ஏழாவதுக்கு, கடை.

நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத இடமில்லை.

மலையில் தபால்பெட்டி கிடையாது. அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் பட்டறை இருக்கிறது. நடத்துகிற அம்மாள் கடிதத்தை வாங்கி, மேலே போகும் லாரியில் கொடுத்தனுப்புவார். விலாசம் பின்பக்கம்.

உன் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
மாமா

*

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். காலைத் தனியாக எழுதச் சொன்னீர்கள். கேட்டுப் பார்த்தேன், அதற்கு எழுத விருப்பமில்லையாம்.

உங்கள் கடிதத்தை அம்மா போர்வையின் மேல் போட்டுவிட்டு, "தபால்" என்று மட்டும் சொன்னாள். யாருடையது என்று சொல்லவில்லை. ஆனால் அலமாரியில் ஏற்கெனவே மடித்திருந்த துணியையெல்லாம் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு, நான் படித்து முடிக்கிறவரை அறையிலேயே இருந்தாள். உங்கள் பெயரை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பேச வேண்டி வந்தால், "அந்த ஆள்" என்கிறாள். பறவை வந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். "என்னவாம்?" என்றாள். "பறவையாம்" என்றேன். "ம்" என்றாள். ஐந்து மாதத்தில் அதுதான் அதிகம்.

ஜன்னல் வரைக்கும் போனேன். பதினோரு அடி. எதிர் வீட்டு மாடியில் யாரோ ஒரு நீலப் போர்வையை உதறினார்கள். ஒரு நிமிஷம் தெருவே நீலமாக இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்க வேண்டாம்.

மருமகள்

*

மார்ச் 14

ஜன்னலை வென்ற மருமகளுக்கு,

ஆசீர்வாதம். உடம்பு இரும்பாக இருக்கிறது. இரும்பு போலவே காலையில் சில்லென்றும் இருக்கிறது. உன் பதினோரு அடியை வண்டிக் கூட்டத்தின் முன்னால் சத்தமாகப் படித்தேன். எட்டுப் பேரும் ஹாரன் அடித்தார்கள். மலை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

இரண்டாவது கணவாயில் ஒரு மேகம் ரோட்டின் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் கோபம் வருமாம். கியரைக் குறைத்து, மூச்சையும் குறைத்து, அதன் வயிற்றுக்குள்ளேயே போனோம். உள்ளே எல்லாம் பஞ்சு. முன்னால் போகிறவரின் பின்விளக்கு மட்டும் ஒரு சிவப்பு மாத்திரை மாதிரி கரைந்துகொண்டே போகிறது. முன்னே எப்போதோ அந்த வழியாகப் போனவர்கள் பேசிய பேச்சு அங்கங்கே தொங்குகிறது. "பாத்துப் போ", "குளிருதா?", "இன்னும் எவ்ளோ தூரம்?" எல்லாரும் இதே மூன்றைத்தான் பேசியிருக்கிறார்கள். நீலச் சட்டையோடு நுழைந்த நான் வெளுத்த சட்டையோடு வெளியே வந்தேன். சந்தேகம் இருந்தால் சட்டையை அனுப்பி வைக்கிறேன்.

மூன்றாவதில் எதிரொலிக்குச் சோம்பல். இன்றைக்கு ஹாரன் அடித்தால் மறுநாள்தான் திரும்பி வரும். பேக்கரி அம்மாள் அடிவாரத்தில் வீட்டுக்காரரைத் திட்டினார். இரண்டு பேரும் சமாதானமாகி, உச்சியில் ஒரே டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் திட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "நான் இப்ப ஒண்ணுமே சொல்லலியே" என்று அந்த அம்மாள் தவித்ததைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு கணவாய் தாண்டிவிட்டேன். நீ எனக்குக் கதவும் கேட்டும் பாக்கி.

குளிரிலும் வேர்க்கும் வீரன்,
மாமா

*

மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும்.

கதவு, கேட் இரண்டையும் முடித்துவிட்டேன். கதவுவரை சுலபம். அதற்கப்புறம் முற்றம் கொஞ்சம் மிதப்பது போல இருந்தது. நான் நடக்கவில்லை, கேட்தான் என் பக்கம் நடந்து வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். தொட்டேன். இரும்பு சில்லென்று இருந்தது. கம்பிகளுக்கு நடுவில் தெரு, ஒரு பழைய படம் மாதிரி. சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்தார். என்னைப் பார்த்தா, சும்மாவா, தெரியவில்லை.

நேற்று கடை முதலாளி வந்தார். நான் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறாராம். "எடுக்க எவ்வளவு நேரமாகும், நீ வா" என்றார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை, மாமா. அவரும் என் காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடுத்த கணவாயைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

மருமகள்

*

மார்ச் 26

கேட்டையே தன்னிடம் வரவழைத்த மகாராணிக்கு,

வந்தனம். நான் சௌக்கியம், நிழல் மட்டும் கொஞ்சம் இளைத்துவிட்டது. காரணம் கேள்.

நான்காவது கணவாய் அவ்வளவு செங்குத்து. எனக்கு ஏற முடிந்தது, என் நிழலுக்கு முடியவில்லை. ஒரு வளைவில் திரும்பிப் பார்க்கிறேன், வண்டிக்குக் கீழே வெறும் ரோடு. மற்ற எட்டுப் பேரின் நிழலும் ஒழுங்காகக் கூட வருகிறது. எனக்கு மட்டும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. உச்சியில் நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். கடைசியில் அது தனியாக, சின்ன நிழல் வண்டியில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. "எங்கடா நின்னே?" என்றேன். வண்டிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நிழலிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

ஐந்தாவதில் வானத்தைத் துவைத்துக் காயப்போடும் ஓர் ஏரி. ரோடு அதன் மேலேயே போகிறது. டயருக்குக் கீழே மேகம், ஹெல்மெட்டுக்கு மேலே மீன். எது தலைகீழ் என்று பல் டாக்டருக்கும் தெரியவில்லை. அங்கே அவ்வளவு அமைதி; ஒருவர் நினைப்பது அடுத்தவருக்குக் கேட்கிறது. பல் டாக்டர் முழுக்கக் கடைவாய்ப் பல்லையே நினைக்கிறார். நான் என்ன நினைத்தேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள்.

ஆக, தெருமுனையும் தபால்பெட்டியும் உன் கணக்கில். கிளம்பு.

வான்வழிச் சாரதி,
மாமா

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்கப் போறதில்ல.

போன மாதம் அவள் கடிதத்தை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தாள், தபாலில் போட. படித்துவிட்டேன். தப்புதான்.

கேட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது என்று உனக்கு எழுதியிருக்கிறாள். கீல் உடைந்து, கேட்டைக் கழற்றி வெல்டிங்குக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. வாசலில் கேட்டே இல்லை. அவள் படுக்கிற இடத்திலிருந்து அது தெரியாது.

ஜன்னலுக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் காலைத் தரையில் வைக்கவே இல்லை. பிடித்து நிறுத்தினால் உடம்பு உதறுகிறது. வலியா என்றால் இல்லை என்கிறாள். மே நடுவுக்குள் நடக்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும், மறுபடி அறுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நீ மேகத்துக்குள் வண்டி விடு. வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் கடிதம் வந்தால்தான் சாப்பிடுகிறாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போய்விடுகிறாள். திரும்பி வருவதில்லை. உன்னால்தான் படுத்தாள். உன் பேச்சைத்தான் கேட்பாள். என்ன செய்வாயோ தெரியாது.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆறாவது கணவாய் அவ்வளவு பெரியதாக இருக்க முடியாது. அம்மா எழுதியிருக்கிறாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன், அவளும் ஒப்புக்கொண்டாள். கேட் இல்லாத வாசலையும் சொன்னாள். மானம் போயிற்று.

சரி, என் பொய் பிடிபட்டது. இனி உங்களுடையது.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, மேலிருந்து கீழே படிக்கச் சொல்வேன். வரி இறங்க இறங்க எழுத்து சிறிதாகும். ஒரு வரிக்கு அப்புறம் யாருக்கும் தெரியாது. ஆனால் யாரும் தெரியவில்லை என்று சொல்வதில்லை, மாமா. ஊகித்துச் சொல்வார்கள். அப்போது குரல் கொஞ்சம் மிடுக்காகும், வேகமாகும், ஒன்றிரண்டு நகைச்சுவைகூட வரும். ஆறு வருஷமாகக் கேட்கிறேன். யார் படிக்கிறார்கள், யார் ஊகிக்கிறார்கள் என்று பலகையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

இரண்டாவது கணவாயிலிருந்து நீங்கள் ஊகிக்கிறீர்கள்.

இன்னொன்று. ஐந்து கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர், லாரியில் கடிதம் வாங்கி, ஆறு நாளில் பதில் போடுகிறார். தெருமுனைக்குப் போன அம்மா திரும்பி வரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நீங்கள் அந்தப் பட்டறையிலேயேதான் இருக்கிறீர்கள்.

எல்லாவற்றிலும் ஒரே ஒரு வரியை மட்டும் நீங்கள் நிஜமாகவே படித்தீர்கள். மூன்றாவது வளைவு, பறவை. அங்கே உங்கள் குரல் மிடுக்காகவில்லை.

என் கால் வலிக்கவில்லை, மாமா. தரையில் வைத்தால் தரை நழுவுகிறது. சிமெண்ட் தரைதான், பார்க்கிறேன், கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்ததும் மணல் மாதிரி போகிறது. அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குப் புரியுமோ என்று எழுதுகிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட விடாமல் வந்தீர்கள். தினமும் ஒரு கதை. ஒரு தடவைகூட மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகள்

*

ஏப்ரல் 24

என் மருமகளுக்கு,

மாமா. நலமாக இல்லை, நோயும் இல்லை.

பட்டறை மாடியில் ஓர் அறை. கட்டில், நாற்காலி, பழைய டயர் வாசனை. ஜன்னலைத் திறந்தால் முதல் கணவாய் ரோடு ரிப்பன் மாதிரி மேலே போவது தெரியும். ஐம்பத்தைந்து நாளாக இங்கேதான் இருக்கிறேன்.

பறவை எதுவும் இல்லை. அது நான்.

மூன்றாவது வளைவில் ரோட்டு ஓரமாகக் கொஞ்சம் மணல். அன்றைக்கு உன்னைக் கடையில் விடும்போது இருந்த அதே அளவு, இரண்டு கை அள்ளினால் தீர்ந்துவிடும். பார்த்ததும் என் வலது கை தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டது. வண்டி நின்றது. அதற்கப்புறம் என்ன சொல்லியும் கை கேட்கவில்லை. அடுத்த வளைவில் பேக்கரி அம்மாள் என் விளக்குக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்புறம் அவர் வீட்டுக்காரர். அப்புறம் ஒவ்வொருவராக, உச்சிவரை போய்விட்ட பல் டாக்டர்கூட. மூன்று மணி நேரம் என்னைச் சுற்றி ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் பிஸ்கட் டின்னைத் திறந்தார். பல் டாக்டர் என் கையைப் பல்லைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத இப்பப் புடுங்க வேணாம். கொஞ்ச நாள் விட்டுப் பாப்போம்" என்றார். நீங்கள் போங்கள் என்று நான்தான் கெஞ்சி அனுப்பினேன். கிளம்பும்போது பேக்கரி அம்மாள் சொன்னார்: "நான் நாலாவது வளைவுல நிப்பேன் சார். உங்க லைட்டு தெரியிற வரைக்கும்." சிரித்துக்கொண்டேன்.

தினமும் காலையில் மூன்றாவது வளைவு வரை போவேன். ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பிவிடுவேன். கீழே பட்டறை அம்மாள் கையில் ஸ்பானரோடு நிற்பார். "வாத்தியாரே, மலை இன்னிக்கும் அங்கேயேதான் இருக்கா?" என்பார். "இருக்கு." "சரி, வந்து காபி குடிங்க." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மேலே வந்து உனக்குக் கணவாய் எழுதுவேன். எழுதும்போது நிஜமாகவே போய்வந்த மாதிரி கால் வலிக்கும்.

தரை நழுவுகிறது என்றாய். புரிகிறது. எனக்கு ரோடு நழுவுகிறது.

அன்றைக்கு உன்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒட்டகச்சிவிங்கிக்கு ஹெல்மெட் மாட்டிய கதை சொல்லிக்கொண்டு வந்தேன். முடிவு வந்துவிட்டது. நீ சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று திரும்பினேன். அவ்வளவுதான். வண்டி ஓட்டும்போது திரும்பாதே என்று இருபத்தாறு வருஷம் கற்றுக்கொடுத்த வாயால் கதை சொல்லிக்கொண்டே திரும்பினேன். உனக்குக் கால் ஒடிந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுத ஐந்து காகிதம் கிழித்தேன். இது ஆறாவது. மன்னித்துவிடு.

இப்போது நான் நிற்பது மூன்றாவது வளைவு. எனக்குப் பின்னால் வருகிறவள் நீ. சட்டப்படி உன் விளக்கு தெரியாமல் நான் நகரக் கூடாது. அவசரமில்லை, உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா

*

மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

சௌக்கியம். காலும் சௌக்கியம் என்று எழுதச் சொல்கிறது.

நீங்கள் கேட்டதற்கு நான் ஏழு மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில் இது: ஒட்டகச்சிவிங்கிக்கு ஹெல்மெட் பொருந்தியதா, இல்லையா?

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் இதைத்தான் யோசித்தேன். நீங்கள் தினமும் வந்து என்னென்னவோ கதையெல்லாம் சொன்னீர்கள், இதை மட்டும் சொல்லவே இல்லை. முடிவை நேரில் கேட்டுக்கொள்கிறேன், வண்டியை நிறுத்திவிட்டு.

ஜன்னல் வரைக்கும் போனேன். இந்தத் தடவை நிஜமாக. பதினோரு அடி இல்லை, ஏழுதான். நான்காவது அடியில் தரை நழுவியது. அம்மா தோளைக் கொடுக்கவில்லை, கேட்டதற்கு, "நான் முன்னால நிக்கிறேன், நீ தெரிஞ்சாத்தான் நகருவேன்" என்றாள். உங்கள் கடிதங்களை எல்லாம் படித்திருக்கிறாள். நீலப் போர்வை எதுவும் இல்லை. எதிர் வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் ஒற்றைச் செருப்பு. அரை மணி நேரம் அதையே பார்த்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

விளக்கு விஷயம். மே பதினைந்து, காலை பத்து மணி. கடையில் என் எழுத்துப் பலகையின் விளக்கைப் போடுவேன். நீங்கள் மூன்றாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். தெரிந்ததும் கிளம்புங்கள். இவ்வளவு தூரத்துக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. வானத்தைத் துவைக்கும் ஏரியை நான் கேட்டேனா?

மருமகள்

*

மே 8

மருமகளுக்கு,

சரி. பத்து மணி.

மாமா

*

மே 15

அன்புள்ள மாமாவுக்கு,

நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த நாற்காலி என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டைப்பெட்டிகளை அம்மாதான் எடுத்துக் கீழே வைத்தாள்.

ஆட்டோ கடை வாசல்வரை வந்தது. வாசலில் மூன்று படி. ஆறு வருஷமாக ஏறியிருக்கிறேன், மூன்று என்பதே இன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் பிடித்தது. அம்மா மேல் படியில் நின்று என்னைப் பார்க்காத மாதிரி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே பத்து மணிக்கு விளக்குப் போட முடியவில்லை. பத்து மூன்று ஆகிவிட்டது. மூன்று நிமிஷம் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். வளைவில் நின்றுகொண்டிருந்திருப்பீர்கள் என்று தெரியும்.

முதலாளி மறுபடி சுவரையே பார்த்தார். ஆனால் மூக்கை உறிஞ்சினார்.

முதல் ஆளாக ஒரு பஸ் டிரைவர் வந்தார். கடைசி வரியை ஊகித்தார். மிடுக்காக. 

அம்மா ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்கிறாள்: குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

மருமகள்

*

மே 15

பேரொளி படைத்த மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உலகமே சௌக்கியம். உன் கடிதம் வருவதற்கு முன்னால், சூடு ஆறுவதற்குள், எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கே மூன்றாவது வளைவுக்குப் போய்விட்டேன். மணல் வணக்கம் சொன்னது. நானும் சொன்னேன். பத்து மணி. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. பத்து ஒன்று, இல்லை. பத்து இரண்டு, உலகத்திலுள்ள அத்தனை கடிகாரமும் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமின. சரியாகப் பத்து மணி மூன்று நிமிஷம்: என் கண்ணாடியின் ஓரத்தில், கடுகளவு, ஒரு வெளிச்சம். அதில் எழுத்துக்கூடத் தெரிந்தது. கடைசி வரிவரைக்கும் படித்தேன், ஊகிக்கவில்லை.

கிளம்பினேன். கிளம்பினேன் என்றால், மலை பின்னால் ஓடியது. நான்காவது வளைவில் பேக்கரி அம்மாள் அதே வண்டியில், அதே விளக்கோடு, எழுபத்தாறு நாளாக உட்கார்ந்திருந்தார்! தோளில் ஒரு பறவை கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்துவிட்டது. "என்ன சார், இவ்ளோ நேரம்?" என்றார். அதற்குமேல் பேச நேரமில்லை. முதல் கணவாயை வண்டியில் தாண்டினேன். இரண்டாவதன் மேகம் எழுந்து உட்கார்ந்து வழிவிட்டது. மூன்றாவதில் எதிரொலி எனக்கு முன்னாலேயே போய், நான் வருவதை எல்லாருக்கும் அறிவித்தது. நான்காவதில் என் நிழல்தான் வண்டியை ஓட்டியது, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஐந்தாவது ஏரியில் மீன்கள் வரிசையாக நின்று வால் ஆட்டின. ஆறாவதையும் ஏழாவதையும் ஒரே தாவலில். மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். பட்டறை அம்மாள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "வாத்தியாரே, மலை அங்கேயே இருக்கா?" என்றார். "கொஞ்சம் தள்ளி வெச்சுட்டேன்" என்றேன்.

நாளைக்கும் போகிறேன். ஒட்டகச்சிவிங்கி நேரில். அக்காவிடம் சொல், காதை மூடிக்கொண்டுதான் போனேன் என்று.

நீ நம்பமாட்டாய் என்று முதல் கடிதத்திலேயே சத்தியம் செய்துவிட்டதால் ஒன்றை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். மூன்றாவது வளைவுக்கு அப்புறம் நான்காவது என்று ஒன்று இருக்கிறது. யாரும் அதில் நிற்கவில்லை. இடது பக்கம் ஒரு மைல்கல், அதில் வெயில். பார்த்துவிட்டு வந்தேன்.

மாமா